சிறுநீரக நோயும் பாலாடைக்கட்டியும்



நம்மில் பலருக்குப் பழக்கமான ஒரு வீட்டை முதலில் எண்ணிப் பார்ப்போம். பெரியவர் முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இனிப்புநீர் வந்து, அது மெல்ல மெல்லச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. இப்பொழுது வாரத்திற்கு மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்திற்குப் போய், நான்கு மணி நேரம் படுத்திருந்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். பட்டணத்தில் வேலை பார்க்கும் பேத்தி, சம்பள நாளன்று பீட்ஸா வாங்கி வருகிறாள். மேலே மஞ்சளும் வெள்ளையுமாக உருகிய சீஸ், அதாவது பாலாடைக்கட்டி. "தாத்தா, ஒரு துண்டு சாப்பிடுங்க" என்கிறாள். "கிட்னி கெட்டவங்களுக்கு அது விஷம், கொடுக்காதே!" என்று பாட்டி தடுக்கிறார். "பால்தானேம்மா? பால் நோயாளிக்கு நல்லதுதானே?" என்கிறான் மகன். பெரியவரோ நீட்டிய கையை மடக்கவும் முடியாமல், எடுத்துச் சாப்பிடவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

பாட்டி சொல்வது சரியா, மகன் சொல்வது சரியா? இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைக் கண்டறிய மருத்துவ உலகத்துக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். இதைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டு நோயாளிக்கு எதைத் தடுக்க வேண்டும், எதை வீணாகத் தடுத்துவிடக் கூடாது என்பது விளங்கும்.

பாலாடைக்கட்டி என்பது என்ன என்று தோட்டத்து மக்களுக்கு விளக்குவது எளிது. மங்கில் வடிந்த ரப்பர் பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோய், ஆசிட் விட்டு உறைய வைத்து, நீரைப் பிழிந்து ஷீட் ஆக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். மாட்டுப் பாலிலும் இதே வேலைதான் நடக்கிறது. புளிப்போ உறைபொருளோ சேர்த்துப் பாலை உறைய வைக்கிறார்கள். தண்ணீரை வடித்துவிட்டு, எஞ்சிய கட்டியை அழுத்தி, உப்புச் சேர்த்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வைத்துப் பதப்படுத்துகிறார்கள். செடார் போன்ற கெட்டியான சீஸ் ஒரு கிலோ செய்ய ஏறக்குறைய பத்து லிட்டர் பால் வேண்டும். ஆகவே பாலில் இருக்கும் கொழுப்பும், புரதமும், சுண்ணாம்புச் சத்தும், பாஸ்பரஸ் என்னும் சத்தும் அந்தச் சிறு கட்டிக்குள் செறிந்து நிற்கின்றன. அத்துடன் உப்பும் சேர்ந்துகொள்கிறது.

உப்பு, புரதம், பாஸ்பரஸ் ஆகிய இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்வோம். சிறுநீரக நோயின் உணவு வரலாறு முழுவதும் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த வரலாறுதான்.

இந்த வரலாறு லண்டன் மாநகரில் தொடங்குகிறது. அங்குள்ள கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் பணியாற்றினார். உடம்பெல்லாம் வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரை அவர் சோதித்தார். அதற்கு அவர் கையாண்ட முறை மிக எளிது. ஒரு கரண்டியில் சிறுநீரை ஊற்றி, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். சிலரது சிறுநீர், வெந்த முட்டையின் வெண்கரு போலத் திரிந்தது. உடம்பில் தங்க வேண்டிய புரதம் வெளியே ஒழுகிப் போவதன் அடையாளம் அது. அத்தகையோர் இறந்த பின் அறுத்துப் பார்த்தபோது, அவர்களுடைய சிறுநீரகங்கள் சிதைந்திருக்கக் கண்டார். 1827-ஆம் ஆண்டு அவர் இதை நூலாக வெளியிட்டார். நீண்ட காலம் இந்நோய்க்குப் பிரைட் நோய் என்றே பெயர் வழங்கியது.

நோய் தெரிந்துவிட்டது, மருந்து தெரியவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர்கள் பலர், வீக்கம் கண்ட நோயாளிகளுக்குப் பாலையே உணவாகக் கொடுத்து வந்தார்கள். பலருக்கு வீக்கம் வடிந்தது. பாலில் ஏதோ மருந்துக் குணம் இருக்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். "பால் நோயாளிக்கு நல்லது" என்று நம் வீட்டு மகன் சொன்னானே, அந்த நம்பிக்கை அக்காலத்து மருத்துவர்களிடமும் இருந்தது.

அந்த நம்பிக்கையைச் சோதித்தவர் பாரிஸ் நகரத்து மருத்துவர் பெர்னாண்ட் விடால். 1903-ஆம் ஆண்டு வாக்கில் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் சிறுநீரக நோயாளிகளை அருகிலிருந்து கவனித்தார்கள். பாலோடு உப்பைச் சேர்த்துக் கொடுத்தபோது வீக்கம் திரும்பி வந்தது. உப்பில்லாத இறைச்சியும் உருளைக்கிழங்கும் கொடுத்தபோது வீக்கம் வடிந்தது. பாலில் மருந்துக் குணம் எதுவும் இல்லை என்பதும், பாலில் இயற்கையாக உப்புக் குறைவு என்பதே நன்மைக்குக் காரணம் என்பதும் வெளிப்பட்டன. கெட்டுப்போன சிறுநீரகத்தால் உப்பை வெளியேற்ற முடிவதில்லை. தங்கிய உப்பு தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. கால் வீங்குகிறது, இரத்தக் கொதிப்பு ஏறுகிறது, இதயம் தவிக்கிறது.

அப்படியானால் மகன் சொன்னதன் பிழை எங்கே என்று நமக்குப் புரிகிறது. பால் வேறு, பாலாடைக்கட்டி வேறு. பாலுக்கு நன்மை தந்தது உப்பின்மை. அந்தப் பாலே பாலாடைக்கட்டி ஆகும்போது உப்பேறி வருகிறது.

அடுத்து நாம் கேட்கப் போகும் செய்தி, சோறு உண்டு வளர்ந்த நமக்கு வியப்பைத் தரும். ஜெர்மனியில் பிறந்து, 1934-ஆம் ஆண்டு அந்நாட்டை விட்டு அமெரிக்காவுக்குச் சென்றவர் டாக்டர் வால்டர் கெம்ப்னர். வட கரோலினா மாநிலத்தில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் 1939 முதல் அவர் சிறுநீரக நோய்க்கும் கடுமையான இரத்தக் கொதிப்புக்கும் ஓர் உணவு முறையைக் கையாண்டார். உப்பில்லாத வெறும் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை, இவ்வளவுதான். நாள் முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 20 கிராம் புரதமே அதில் இருந்தது.

1942-இல் ஒரு சம்பவம் நடந்தது. நோய் முற்றிய ஒரு பெண்மணியிடம், இரண்டு வாரம் இப்படிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்படி கெம்ப்னர் சொன்னார். அவருடைய ஜெர்மானிய உச்சரிப்பை அந்தப் பெண்மணி சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தார். அதற்குள் இரத்தக் கொதிப்பு இறங்கியிருந்தது. வீங்கிப் பெருத்திருந்த இதயம் சுருங்கியிருந்தது. கண்ணுக்குள் இருந்த இரத்தக் கசிவும் மறைந்திருந்தது. உணவினால் இவ்வளவு மாறுதல் கூடும் என்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. 1944-இல் கெம்ப்னர் தம் முடிவுகளை மருத்துவ உலகுக்கு அறிவித்தார்.

நேயர்களே, இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டிலே வெறும் சோறும் பழமும் என்று தொடங்கிவிடக் கூடாது. அது மருத்துவமனைக் கண்காணிப்பில் நடந்த சிகிச்சை. புரதம் அவ்வளவு குறைந்தால் சதை கரையும். நோய் முற்றியவர்களுக்குப் பழத்தில் உள்ள பொட்டாசியமே இதயத்தை நிறுத்திவிடக் கூடும். கெம்ப்னரின் முறையிலிருந்து நமக்குக் கிடைத்த பாடம், உப்போடு புரதத்தின் அளவையும் கவனிக்க வேண்டும் என்பதே. புரதம் உடம்பில் எரிந்த பின் எஞ்சும் கழிவாகிய யூரியாவைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டியிருக்கிறது.

எவ்வளவு புரதம், எந்தப் புரதம் என்ற கேள்விக்கு இத்தாலியில் விடை தேடினார்கள். 1963-இல் ஜியோர்டானோவும், 1964-இல் ஜியோவனெட்டியும் மஜ்ஜோரேயும் வெளியிட்ட ஆய்வுகள் புகழ் பெற்றவை. புரதத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் கொடுக்கும் சிறிதளவு முட்டை, பால் போன்ற உயர்ந்த வகையாக இருக்க வேண்டும் என்று அவர்கள் காட்டினார்கள்.

இதற்கிடையே வேறொரு திசையில் பெரிய மாறுதல் ஒன்று நிகழ்ந்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்து நாட்டில், காம்பன் என்ற சிற்றூரில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் 1943-இல் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றைச் செய்தார். தொத்திறைச்சி அடைக்கும் செலோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, அதனுள் நோயாளியின் இரத்தத்தை ஓட விட்டு, உப்பு நீர்த் தொட்டியில் சுழல வைத்தார். முதலில் சிகிச்சை பெற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். கோல்ஃப் தளரவில்லை. 1945-இல் 67 வயதான ஒரு மூதாட்டி பிழைத்தெழுந்தார். 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் ஸ்கிரிப்னர், நோயாளியின் கையிலேயே நிலையாக ஒரு குழாயைப் பொருத்த வழி கண்டார். அதன் பிறகே ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்துகொண்டு உயிர் வாழ்வது கைகூடியது.

நம் பகுதிக்கும் அந்த வெளிச்சம் வந்தது. 1969-ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தேசியச் சிறுநீரக அறநிறுவனங்கள் தோன்றின. சிங்கப்பூரில் 1970-இலும், கோலாலம்பூரில் 1975-இலும் முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைகள் நடைபெற்றன.

டயாலிசிஸ் வந்ததும் உணவுக் கணக்கும் மாறிற்று. இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் குழம்பிப் போகின்றன. இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும்போது, கழிவோடு புரதத்தின் கூறுகளும் வெளியேறிவிடுகின்றன. ஆகவே டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். இன்றைய மருத்துவ வழிகாட்டிகளின்படி, டயாலிசிஸ் நிலைக்கு வராத நோயாளி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் அளவில் புரதம் உண்ணலாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 48 கிராம். டயாலிசிஸ் செய்பவருக்கு ஒரு கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம், அதே 60 கிலோவுக்கு 60 முதல் 72 கிராம். பக்கத்து வீட்டுக்காரருக்கு மருத்துவர் சொன்னதை நம் வீட்டில் கடைப்பிடிக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது பாடமாகிய பாஸ்பரஸ் எல்லாவற்றிலும் தாமதமாக வந்தது. டயாலிசிஸால் உயிர் பிழைத்தவர்களுக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பு வலித்தது, தோல் அரித்தது, இரத்தக் குழாய்கள் சுண்ணாம்பு படிந்து இறுகின. 1960-களிலும் 1970-களிலும் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் பிரிக்கர், ஸ்லட்டோபோல்ஸ்கி என்ற அறிஞர்கள் இதன் காரணத்தை விளக்கினார்கள். கெட்டுப்போன சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது. அதைச் சமாளிக்கக் கழுத்தில் உள்ள ஒரு சிறு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்து, எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உருவி எடுக்கிறது. நான்கு மணி நேர டயாலிசிஸாலும் பாஸ்பரஸைப் போதிய அளவு வெளியேற்ற முடிவதில்லை.

உணவில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து நிறுத்த மருந்து கொடுத்தார்கள். முதலில் கொடுத்தது அலுமினியம் கலந்த மருந்து. டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குப் பேச்சுக் குழறி, நினைவு தடுமாறியது. அதற்கும் அலுமினியத்துக்கும் தொடர்பு உண்டென்று 1976-இல் டென்வர் நகரத்து மருத்துவர் ஆல்ஃப்ரே எடுத்துக் காட்டினார். இன்று வேறு மருந்துகள் இருக்கின்றன. சாப்பாட்டுடன் சேர்த்து விழுங்க வேண்டிய மாத்திரை அது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து விழுங்கினால் பயன் குறைந்துபோகும்.

இனி பாலாடைக்கட்டியின் கதைக்குத் திரும்புவோம். மருத்துவர்கள் பாஸ்பரஸைப் பற்றி அறிவதற்கு வெகுகாலம் முன்பே, சீஸ் தொழிலில் ஒரு புதுமை புகுந்துவிட்டது. சீஸ் வெப்ப நாடுகளில் தாங்காது. எண்ணெய் கக்கிக் கெட்டுவிடும். 1911-இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பர், பிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர், சீஸைச் சிட்ரேட் என்ற உப்புடன் சேர்த்துச் சூடாக்கி உருக்கினார்கள். எண்ணெயும் புரதமும் பிரியாமல் மழமழவென்று ஒரே கலவையாக நின்றது. ரப்பர் பால் உறைந்து திரியாமலிருக்க அமோனியா விடுகிறோம் அல்லவா? அதுபோல, பிரியாமல் பிடித்து வைக்கும் வேலையை இந்த உப்புச் செய்கிறது. 1916-இல் சிகாகோ நகரத்து வியாபாரி ஜேம்ஸ் கிராஃப்ட், சீஸை உருக்கிப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு டப்பா சீஸ் சென்றது. பிற்பாடு நம் நாட்டு மளிகைக் கடைகளிலும், ஐஸ்பெட்டி இல்லாமலே அடுக்கி வைத்து விற்கக் கூடிய டப்பா சீஸ் வந்து சேர்ந்தது.

சிட்ரேட்டுக்குத் துணையாகவும் அதற்குப் பதிலாகவும் விரைவில் பாஸ்பேட் உப்புகள் புகுந்தன. பாஸ்பேட் என்பது பாஸ்பரஸின் ஒரு வடிவமே. இன்று காகிதம் போல மெல்லியதாக ஒவ்வொன்றாகச் சுற்றி விற்கும் சீஸ் துண்டுகளிலும், தடவும் சீஸிலும் பெரும்பாலும் இந்த உப்புகள் இருக்கின்றன.

இயற்கையான பாலிலும் இறைச்சியிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதி அல்லது சற்றுக் கூடுதலாகவே உடம்பில் சேர்கிறது. பருப்பிலும் தானியத்திலும் உள்ளது அதைவிடக் குறைவாகவே சேர்கிறது. தொழிற்சாலையில் சேர்த்த பாஸ்பேட்டோ நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

இதைத் தெரிந்துகொண்டதால் நோயாளிக்கு என்ன நன்மை? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. பாஸ்பரஸ் கூடியிருந்த 279 டயாலிசிஸ் நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குப் பாஸ்பேட் சேர்த்த உணவுகளைக் கண்டு விலக்கும் முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களுடைய இரத்தத்தில் பாஸ்பரஸ் மற்றவர்களைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தது. கடையில் பொருளை எடுக்கும்போது சீட்டைப் படித்ததனால் கிடைத்த பலன் அது.

ஆகவே நாமும் படிப்போம். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் படித்துச் சொல்லலாம். பாஸ்பேட் என்ற சொல்லைத் தேட வேண்டும். மலாய் மொழியில் 'பொஸ்பாட்' என்று இருக்கும். சில டப்பாக்களில் எண் மட்டுமே இருக்கும். 339, 340, 341, 450, 451, 452 ஆகிய எண்கள் பாஸ்பேட்டைக் குறிப்பன. இவற்றைக் கண்டால் அந்த டப்பாவைத் திரும்ப வைத்துவிடலாம். சத்துப் பட்டியலில் பாஸ்பரஸின் அளவு பெரும்பாலும் இராது. ஆகையால் சேர்மானப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து அளவு. செடார் போன்ற இயற்கை சீஸ், தீப்பெட்டி அளவு, அதாவது 30 கிராம் எடுத்தால், அதில் ஏறக்குறைய 7 கிராம் புரதமும், 140 மில்லி கிராம் பாஸ்பரஸும், 200 மில்லி கிராம் சோடியமும் உண்டு. சோடியம் என்பது உப்பின் அளவைக் காட்டும் பெயர். சிறுநீரக நோயாளிக்கு நாள் முழுவதற்கும் 2,000 மில்லி கிராம் சோடியத்துக்கு மேல் ஆகாது. அது ஒரு தேக்கரண்டி உப்பு. மெல்லிய பதப்படுத்திய சீஸ் ஒரு துண்டிலேயே 200 முதல் 300 மில்லி கிராம் சோடியம் இருக்கக்கூடும். அன்றைக்குக் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டவருக்கு, சீஸுக்கு இடமே இல்லை. கிரீம் சீஸ் என்னும் மென்மையான வகையில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. 30 கிராமில் ஏறக்குறைய 30 மில்லி கிராம்தான். ஆனால் அதில் கொழுப்பு மிகுதி. உப்பிடாமல் வீட்டிலேயே பால் திரித்துச் செய்யும் பனீரில் சேர்த்த உப்பும் இல்லை, சேர்த்த பாஸ்பேட்டும் இல்லை. எனினும் புரதமும் இயற்கைப் பாஸ்பரஸும் உண்டு. அளவோடு உண்ண வேண்டும்.

உப்புக் குறைத்த சீஸ் என்று விற்பவற்றில் சில வேளை பொட்டாசியம் உப்பைச் சேர்க்கிறார்கள். பொட்டாசியம் கூடியவர்களுக்கு அது ஆபத்து. அதையும் சீட்டில் பார்க்க வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு வேறோர் எச்சரிக்கை. அவர்கள் உண்ணும் மருந்து, கிருமியை எதிர்க்கும் சக்தியைக் குறைத்துவிடுகிறது. காய்ச்சாத பாலில் செய்த சீஸும், பூஞ்சணம் படர்ந்த மென்மையான சீஸ் வகைகளும் அவர்களுக்கு ஆகா. 1985-இல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் மென்மையான சீஸ் வழியாக லிஸ்டீரியா என்ற கிருமி பரவி, 142 பேர் நோயுற்றார்கள். கருவில் இருந்த சிசுக்களையும் சேர்த்து 48 உயிர்கள் போயின. பெரும்பாலோர் கருவுற்ற தாய்மாரும் அவர்களுடைய சிசுக்களும்; மற்றவர்களில் பலர் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள்.

இப்பொழுது அந்தப் பெரியவரிடம் திரும்பி வருவோம். பீட்ஸா ஒரு துண்டில் 500, 600 மில்லி கிராம் சோடியம் இருப்பது சாதாரணம். அதில் சீஸ் மட்டுமா, உப்பிட்ட இறைச்சியும் இருக்கலாம், தக்காளிக் குழம்பின் பொட்டாசியமும் இருக்கிறது. ஆகவே தயங்கியது சரியே. ஆனால் "விஷம்" என்று சொல்லி அவர் கையைத் தட்டிவிட்டதும் சரியன்று. சாப்பாடே வேண்டாம் என்று ஒதுங்கி, புரதம் குறைந்து, உடல் மெலிந்து போவதும் டயாலிசிஸ் நோயாளிக்குப் பெரிய ஆபத்து. பேத்தி அடுத்த முறை பாஸ்பேட் சேராத இயற்கை சீஸ் சிறிது வாங்கி வரட்டும். பாட்டி உப்பில்லாத சப்பாத்தியில் தீப்பெட்டி அளவு துருவிப் போடட்டும். அன்றைக்குக் கருவாட்டை ஒதுக்கி வைக்கட்டும். பெரியவர் பாஸ்பேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்கட்டும். அதற்கு முன், மாதாந்திர இரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் எவ்வளவு என்று மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டு, "இவ்வளவு சாப்பிடலாமா?" என்று அனுமதி பெறட்டும்.

கரண்டியையும் மெழுகுவர்த்தியையும் வைத்துத் தொடங்கிய ஆராய்ச்சி, இன்று நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பாலில் நன்மை தந்தது எது என்று விடால் தேடிப் பார்த்ததுபோல, நாமும் சீஸில் கெடுதல் தருவது எது, எவ்வளவு, யாருக்கு என்று கேட்டுப் பழகுவோம். நம் இரு நாடுகளிலும் சிறுநீரகம் செயலிழக்க முதற்காரணம் இனிப்புநீர். நோய் வராதவர்கள் சர்க்கரையையும் உப்பையும் இன்றே குறைத்துக்கொள்வோம். நோய் வந்தவர்கள் பயந்து பட்டினி கிடக்காமல், தெரிந்து, அளவறிந்து உண்போம்.